ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கும் முன்

வேலையை விட்ட பிறகும் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. காலையில் ஆளுக்கொரு சாமி படம் வரும், அதற்குப் பிறகு சந்தேகங்கள் வரும். போன வாரம் அரக்கோணத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "முனிரத்தினண்ணே, டியூன் போட வர்ற வண்டியில மொதல்ல ஏர் ஃபில்டரத் தொறந்து பாருன்னு சொல்ற, சரி. வண்டிக்காரர டீக்கு அனுப்பிட்டுத் தொறன்னு ஏன் சொல்ற? நாம இன்னா திருட்டு வேலையா பண்றோம்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கட்டைவிரலால் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். சிரித்தவர்களும் படிக்கட்டும்.

எனக்கு ஊர் கே.ஜி.கண்டிகை. நிலத்தை அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அரக்கோணத்தில் டீசல் பம்ப் சரிபார்க்கும் கடையில் சேர்ந்தேன். என் இளமை முழுவதும் டீசல் நாற்றத்தில் போனது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்பதை அந்தச் சின்னப் பெட்டி முடிவு செய்ய ஆரம்பித்தது. ஸ்க்ரூ டிரைவரால் பம்ப்பைத் திருகி வண்டியை ஓட வைத்த என் போன்ற ஆட்களுக்கு வேலை குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் எஸ்தர் மேடம் பட்டறை திறந்தார்.

அவர் என் தங்கை மகள் வயதுதான் இருப்பார். அரக்கோணத்து ரயில்வே குடும்பம், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு வந்தவர். கம்பெனி எழுதி வைத்த கணக்கை வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, திருத்தி, திரும்ப எழுதுவார். அதற்குத்தான் டியூன் என்று பெயர். எழுதிய பிறகு அதே இன்ஜின் இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது, ஒரு போல்ட் கூட மாறியிருக்காது. நான் வேலை கேட்டுப் போனபோது, "எனக்கு இன்ஜின் சத்தத்த காதால கேட்டுச் சொல்ற ஆள் வேணும்ண்ணே, வந்துடுங்க" என்றார். என்னைவிட அவ்வளவு சின்னவரிடம் வேலை பார்ப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். முதல் மாதத்திலேயே எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சட்டென்று சொல்லிவிடுவார். பொய் மட்டும் அவர் வாயில் வராது. வாடிக்கையாளரைச் சமாளிக்கச் சொல்கிற சில்லறைப் பொய் கூட வராது, அதனால் எனக்கு எத்தனையோ முறை எரிச்சலாக இருந்திருக்கிறது. இன்னொன்று: இந்த ஊரில் கோயில் மலைக்குப் போய்வந்த வண்டி எதுவும் பூவும் சந்தனமும் இல்லாமல் பட்டறைக்குள் வராது. மற்ற கடைகளில் அதைப் பிய்த்துக் குப்பையில் வீசுவார்கள். இவர் இரண்டு கையாலும் எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைப்பார். "நீங்கதான் இதெல்லாம் கும்பிட மாட்டீங்களே மேடம்" என்று ஒருமுறை சீண்டினேன். "அவங்க கும்பிட்டதுண்ணே" என்றார், அவ்வளவுதான்.

வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. டியூன் கேட்டு வருகிறவரிடம் எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்க மாட்டார். "இந்த வண்டியில யாரெல்லாம் உக்காருவாங்க?" என்றுதான் கேட்பார். மைத்துனன் காரை முந்த வேண்டும், கரும்புகை கக்க வேண்டும் என்று பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் குதித்துக்கொண்டு வந்தார். இந்தக் கேள்வியைக் கேட்டதும் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. மாமியார் பெயரைச் சொன்ன பிறகு புகையைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். இன்ஜினுக்குள் போகிற காற்றைச் சலித்து அனுப்புகிற பெட்டி அது. மூச்சுத் திணறுகிற இன்ஜினுக்கு டியூன் போட்டால் அது நாளைக்கே படுத்துவிடும். காற்று வழியைச் சுத்தம் செய்த பிறகு, டியூன் போடாமலேயே வண்டியை மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் காலியாக இல்லை. எத்தனை பேர் உட்காருவார்களோ அத்தனை சீட்டிலும் மணல் மூட்டை வைத்து, சீட் பெல்ட் போட்டு, கோயில் வரைக்கும் ஏற்றி இறக்க வேண்டும். மூட்டைகளுக்கு பெல்ட் போட்டு மலைக்கு அழைத்துப் போகிறார்கள் என்று ஊரே எங்களைக் கிண்டல் செய்தது. அதற்கெல்லாம் பிறகுதான் லேப்டாப்.

இப்போது கோவிந்தசாமிக்கு வருகிறேன்.

அவர் பள்ளிப்பட்டுக்காரர். கொஞ்சம் நிலம், வீட்டில் தறி. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி வைத்திருந்தார். பட்டறைக்குள் வந்து நின்றபோது முன்பக்க கிரில் வலையில் புதுப் பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை.

"வண்டி பறக்கணும்மா" என்றார். "இன்னா பண்ணுவியோ பண்ணு."

மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எம் பொண்ணு கீதா. மொத பிரசவத்துக்கு வந்துகீறா. எப்ப வலி வந்தாலும் நான்தான் கூட்டிகினு போவணும்." அதன் பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்கம்மா இந்த வண்டியிலதாம்மா போயிட்டா. நெஞ்சு வலின்னா. வேலூருக்கு இட்டுனு போனேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி இழுக்கல. லாரி பின்னாடியே போறேன், தாண்ட முடியல. சோளிங்கர் தாண்டினதும் சரோஜா பேச்ச நிறுத்திட்டா. ஆஸ்பத்திரியில, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னாங்க."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. "நான் ஒரு டீ குட்ச்சிட்டு வந்துட்றேன்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

நான் பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தளர்த்தி மூடியை எடுத்தேன்.

பெட்டிக்குள் பூ இருந்தது. பூ என்று சொன்னேன், உண்மையில் பழுப்புத் தூள். சாமந்தி, கதம்பம், மரிக்கொழுந்து எல்லாம் மட்கி, மழைத்தண்ணீர் பட்டு, களிமண் போல ஃபில்டர் மேல் அப்பியிருந்தது. அதற்குள் நூல், சுருள் சுருளாக நூல். நாருக்குப் பதிலாகத் தறி நூலில் கட்டிய சரங்கள். நாராக இருந்தால் அதுவும் மட்கிப் போயிருக்கும். இது மட்காமல் வலை மாதிரி பின்னிக்கொண்டு, வந்த குப்பையையெல்லாம் பிடித்து வைத்திருந்தது. அரக்கு நிறம் கூடப் போகவில்லை.

எப்படி வந்ததென்று பார்த்தேன். வண்டி எப்போதோ முன்னால் இடித்து ரிப்பேர் ஆகியிருக்கிறது. காற்று உறிஞ்சும் குழாயின் வாயில் இருந்த சல்லடையை அப்போது எடுத்தவர்கள் திரும்பப் போடவில்லை. அந்த வாய்க்கு நேர் எதிரே, வலையில், வெள்ளிக்கிழமை தவறாமல் பூ. காய்ந்த சரத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சரம். காய்ந்தது உதிர உதிர இன்ஜின் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் மாற்றினார்களே தவிர, இந்த மூடியை யாரும் திறக்கவில்லை.

மேடம் பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இறந்துபோன அந்த அம்மாள் தன் கையால் கட்டி, வண்டி நல்லபடியாக ஓட வேண்டுமென்று வைத்த பூ.

"மேடம், குப்பையில போட்டுட்றேன். புது ஃபில்டர் போட்டு அனுப்பிடலாம். அந்தாளுக்கு இது தெரிய வேணாம்" என்றேன்.

"இப்ப முன்னாடி இருக்கிற பூவ யாருண்ணே கட்டினது?"

"பொண்ணா இருக்கும்."

"நாம சொல்லலன்னா அவ வைக்கிறத நிறுத்த மாட்டா. அவளுக்கு வலி வர்ற அன்னிக்கி மறுபடி அடைச்சிருந்தா?"

சொன்னால் அந்த மனிதர் உடைந்து போவார். சொல்லாவிட்டால் பிரசவத்துக்குப் போகிற பெண்ணின் வண்டி வழியில் திணறலாம். மேடம் பூத்தூளையும் நூலையும் எப்போதும் போல இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் வைத்தார். நான் குழாயைக் கழுவிப் புது ஃபில்டர் போட்டேன். எப்படிச் சொல்வதென்று நாங்கள் முடிவு செய்வதற்குள் கோவிந்தசாமி வந்துவிட்டார். மூட்டைகள் ஏற்றியிருப்பதைப் பார்த்து, "ஓட்டிப் பாக்கலாமா?" என்று நேராக ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

மேடம் அவர் பக்கத்தில், நான் மூட்டைகளோடு பின்னால். வண்டி மலைப்பாதையில் ஏறியது. முதல் வளைவிலேயே அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பயந்தவர் போல மறுபடி மெல்ல வைத்தார். வண்டி குரல் மாறாமல் இழுத்தது. காற்றை உள்ளே தள்ளும் டர்போவின் விசில் சுத்தமாகக் கேட்டது. மேலே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

"இன்னா கைம்மா உனுக்கு" என்றார் பிறகு. "ஒரு டீ குடிக்கிற நேரத்துல டியூன் போட்டுட்டியே. இத அன்னிக்கே போட்டிருந்தா அவ பொழச்சிருப்பா. எனக்குத் தெரியாம போச்சே."

பின்னாலிருந்து மேடத்தின் தோளைத் தொட்டு, சொல்ல வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் திரும்பவில்லை.

"ஐயா, நான் இன்னும் கம்ப்யூட்டரத் தொடவே இல்லீங்க."

"அப்ப?"

"ஏர் ஃபில்டர் மாத்தினோம். அவ்ளோதாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

கோபுரப் பக்கமிருந்து அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதற்கும் கை கூப்பவில்லை. வண்டியைத் திருப்பி இறக்கினார். பட்டறைக்கு வந்து இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "பழசு எங்க?"

மேடம் தட்டை எடுத்து வந்து காட்டினார். கோவிந்தசாமி குனிந்து பார்த்தார். தூளுக்குள்ளிருந்து ஒரு இழையை உருவி, விரலிடுக்கில் வைத்து முறுக்கிப் பார்த்தார். தறிக்காரர், அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்க வூட்டுப் பாவு நூலு. தறியிலேர்ந்து புடவை அறுத்தா மிச்ச நூல அவதான் எடுத்து வெச்சிக்குவா." அதன் பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தார். "அப்ப இந்தப் பூதானா? அவ கட்டின பூதான் அவள…?"

ஒரு பொய் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வண்டி இழுக்காததுக்கு இது காரணங்க" என்றார் மேடம். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"பெரிய அட்டாக்குன்னாங்க. முன்னாடி வந்திருந்தா பாத்திருப்போம், ஆனா பொழச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாதுன்னாங்க."

"அவங்களுக்கே தெரியல. எனக்கும் தெரியாதுங்க."

கோவிந்தசாமி அதையே மெல்லத் திரும்பச் சொல்லிக்கொண்டார், தெரியாது, தெரியாது என்று. இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் நூலை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கீதாவுக்கு இது தெரியக் கூடாது. அம்மா மாதிரியே வெள்ளிக்கிழமைன்னா பூ கட்டிகினு உக்காந்துட்றா. அதுலதான் அவ கொஞ்சம் தேறி வர்றா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

"ஆனா முன்னாடி பூ வைக்கக் கூடாதுன்னு சொல்லியாகணும்ங்க."

"இன்னான்னு சொல்றது?"

எனக்கு ஒரு வழி தோன்றியது. "டியூன் போட்ட வண்டி, முன்னாடி காத்து அடைக்கக் கூடாதுன்னு சொல்லிடலாம்" என்றேன்.

"டியூன் போடலியேண்ணே" என்றார் மேடம். "போடாதத போட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தேன். வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மேடம் அந்தத் துணியையும் பார்த்தார், கோவிந்தசாமியையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தார்.

"பேட்டரி சார்ஜர மாட்டுங்கண்ணே. போட்டுடலாம். போட்டுட்டா அது நெசந்தானே."

அந்த வண்டிக்கு இனி டியூன் தேவையே இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும். பாதியில் மின்சாரம் குறைந்தால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்பதால் சார்ஜரை மாட்டி, இரண்டு முறை அசைத்துப் பார்த்தேன். மேடம் கம்பெனிக் கணக்கை முதலில் எடுத்துப் பத்திரமாக வைத்தார். பிறகு திருத்த உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு வேகத்தைக் கூட்டித் தருவார். இதில் அவர் வேகத்தைத் தொடவில்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போதே கிடைக்கும் இழுவையைக் கொஞ்சம் கூட்டினார். காலை அழுத்தினால் வண்டி பாயாமல் மெல்லத் தூக்கிக்கொண்டு போகும்படி செய்தார். பின் சீட்டில் வலியோடு படுத்திருக்கிறவளுக்கு உடம்பு அலுங்கக் கூடாது, அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

எழுதும்போது வண்டிக்குள் வேறு யாரையும் உட்கார விட மாட்டார். கதவைத் திறந்தால் கூட உள்ளே விளக்கு எரிந்து எழுத்து தடுமாறலாம். அன்றைக்கு அவரே கோவிந்தசாமிக்குப் பக்கத்து சீட்டைக் காட்டி, "உக்காருங்க, கதவ மட்டும் தொறக்காதீங்க" என்றார். திரையில் பச்சைக்கோடு மெல்ல நகர்ந்தது. இருவரும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தசாமி கையில் அந்த நூல் இருந்தது. எழுதி முடிந்ததும் மேடம் இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். நான் காதை வைத்துக் கேட்டேன். நன்றாக இருந்தது.

குழாய் வாய்க்குப் புதுச் சல்லடை வாங்கிப் போட வேண்டியிருந்ததால் வண்டி எங்களிடமே நின்றது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை கோவிந்தசாமி மகளோடு பஸ்ஸில் வந்தார். கீதா நிறைமாதம். மூச்சு வாங்க நடந்து வந்தாள், கையில் கூடை. கூடையில் சரம், அதே அரக்கு நூலில் கட்டியது. நேராக வண்டியின் முன்னால் போனாள்.

"முன்னாடி வேணாம்மா" என்றார் மேடம். "டியூன் போட்டிருக்கேன். இனிமே இதுக்கு நெறைய காத்து வேணும். முன்னாடி எதையும் மாட்டக் கூடாது."

கீதா சரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "எங்கம்மா எத்தினியோ வருஷமா வெச்சாங்களேக்கா. வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"

மேடம் வாயைத் திறந்து மூடினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நான் கிளிப்பை மாட்டுகிற மாதிரி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"ஆங், ஒண்ணும் ஆகலம்மா" என்றார் கோவிந்தசாமி. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "அவ வெச்ச பூவுலதான் இத்தினி நாளு ஓடிச்சு. இப்ப டியூன் போட்டுகீதில்ல, அதான். குடு, உள்ள வெச்சிக்கலாம்."

"சரி நைனா" என்று கொடுத்தாள். அவர் அதை வாங்கி, உள்ளே கண்ணாடியில் தொங்கவிட்டார். இடுப்பை ஒரு கையால் தாங்கி மகளைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு, வண்டியை மெல்ல ரோட்டுக்கு எடுத்தார். மேடம் தட்டைக் கழுவி அதன் இடத்தில் வைத்தார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. துணியை எறிந்ததற்கு மட்டும் மறுநாள் வருத்தம் சொன்னேன். "நீங்க எறியலன்னா எனக்குத் தோணியிருக்காதுண்ணே" என்றார்.

கீதாவுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது, பெண். மொட்டையடிக்க மலைக்கு வந்தபோது பட்டறையில் நிறுத்திக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்துதான் ஃபில்டரைத் திறக்குமுன் வண்டிக்காரரை டீக்கு அனுப்புவது எங்கள் பட்டறையில் வழக்கமானது. உள்ளே இருப்பதை முதலில் நாம் பார்த்து, எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொள்ள ஒரு டீ நேரமாவது வேண்டும். இதில் திருட்டு ஒன்றுமில்லை.

கோவிந்தசாமி மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நான் வேலையை விடும்வரை, மழை விட்டதும் வருஷா வருஷம் வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு வருவார். டீக்குப் போகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அங்கேயே நிற்பார். நான் கிளிப்புகளைத் தளர்த்தி மூடியை எடுத்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்ப்பார். வெறும் தூசிதான் இருக்கும்.

"ஒண்ணும் இல்லியே?" என்பார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்பேன்.